அஷ்டமியில் போஷம் போகாதீர்கள்

ஜூன் பிறந்தால் போதும், நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. டவர் பிரிட்ஜ், அரண்மனை, கோயில் எல்லாம் காட்டியாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கிராமத்துப் பக்கம், தண்ணி ஓரமா ஒரு பழைய பப்ல மத்தியானச் சாப்பாடு. எங்க போகலாம்?"

நான் லண்டனுக்கு வந்து பதினாறு வருடமாகிறது. தண்ணீரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பது என் பலவீனம் என்பதால் இந்தக் கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் சரக்கு சேர்ந்திருக்கிறது. ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் திரும்பத் திரும்பப் போன இடங்கள் நான்கு. ஆக்ஸ்போர்டுக்கு வடக்கே உல்வர்கோட்டில் இருக்கும் ட்ரௌட் இன். சிச்செஸ்டர் பக்கத்தில் போஷம் கிராமத்து ஆங்கர் ப்ளூ. கிழக்குக் கரையோரச் சஃபக்கில், பின் மில் படகுத்துறையில் நிற்கும் பட் அண்ட் ஆய்ஸ்டர். கடைசியாக, தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் பண்டோரா இன். நான்கும் பழையவை. நான்கிலும் காலடியில் தண்ணீர், அதாவது தண்ணீர் இருக்கும் நேரத்தில்.

அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் 'பப்' என்ற சொல்லைக் கடக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் கண்ணில் தெரிவது டாஸ்மாக் வாசல். என் அம்மா முதல் முறை உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கால்மாட்டில் நாய் தூங்க, தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு பேரனோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா படி ஏறினார். கிராமத்து பப் என்பது பாதி டீக்கடை, பாதி திண்ணை, மீதியில்தான் பீர். அப்பாவுக்கு இருந்த பிரச்சினை வேறு. மேசையில் உட்கார்ந்து கால் மணி நேரம் சர்வருக்காகக் காத்திருந்தார். பல பப்புகளில் யாரும் வரமாட்டார்கள். நாம்தான் எழுந்து போய் கவுண்டரில் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் "கவனிக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற புலம்பல் இருக்காது.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

மெரினாவைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கடலின் ஏற்றவற்று, அதாவது தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும், பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. சென்னையில் அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும்; அதையும் அலை மறைத்துவிடும். இங்கிலாந்தின் தென்கரையில் சிச்செஸ்டர் உப்பங்கழிகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் ஏறும், அதே அளவு இறங்கும். ஆறு மணி நேரத்துக்குள் ஏரி போல நிறைந்திருந்த இடம் சேறும் பாசியுமாகப் படுத்துவிடும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் படங்களை யாரும் வற்றத்தில் எடுப்பதில்லை. எனவே "எந்த பப்?" என்ற கேள்வி தனியாக நிற்காது. எந்த பப், எந்த நாள், எத்தனை மணிக்கு?

இந்தத் தொல்லையே இல்லாதது ட்ரௌட். தேம்ஸில் கடலின் ஏற்றம் லண்டனின் தென்மேற்கே உள்ள டெடிங்டனோடு நின்றுவிடுகிறது. ஆக்ஸ்போர்டு அதற்கு வெகுதூரம் மேலே. ட்ரௌட்டின் கல்பாவிய முற்றத்தை ஒட்டியே கலிங்கு. எந்த நாள் போனாலும் தண்ணீர் விழும் சத்தம் இருக்கும். மேசையில் பேச்சு தீர்ந்துபோனால் அந்தச் சத்தம் இடத்தை நிரப்பிக்கொள்ளும். மகனும் அப்பாவும் எதிரெதிரே உட்காரும் மேசைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மயில்களுக்கும் பேர்போன இடம். அப்பாவுக்கு இங்கிலாந்தில் பிடித்துப்போன முதல் விஷயமே அதுதான். "முருகன் இங்கயும் வந்துட்டார் பார்" என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டி நடந்தால் காட்ஸ்டோ கன்னியர் மடத்தின் இடிபாடுகள். இரண்டாம் ஹென்றி மன்னனின் காதலி ரோசமண்ட் கிளிஃபோர்டை அடக்கம் செய்த இடம் இது. கோயிலுக்குள் பீடத்தருகே இருந்த அவள் கல்லறையை, 'இப்படிப்பட்டவளுக்கு இங்கே என்ன இடம்' என்று 1191இல் லிங்கன் பிஷப் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். ராஜாவைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. 1862 ஜூலை 4 அன்று சார்ல்ஸ் டாட்ஜ்சன் (எழுத்தில் லூயிஸ் கரோல்) என்ற ஆக்ஸ்போர்டு கணித ஆசிரியர், ஒரு நண்பரோடும் மூன்று சிறுமிகளோடும் படகு வலித்து வந்து சேர்ந்ததும் இந்தக் காட்ஸ்டோவுக்குத்தான். வழியில் குழந்தைகள் கேட்டதற்காக அவர் இட்டுக்கட்டிச் சொன்ன கதையில்தான் ஆலிஸ் முயல் வளைக்குள் விழுந்தாள். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் இதைச் சொல்லலாம், நன்றாக எடுபடும்.

குறை? கூட்டம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆக்ஸ்போர்டு முழுவதும் அங்கேதான் இருக்கும். முன்பதிவு செய்திருந்தாலும் உள்ளே ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்து, கலிங்கின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு. கிராமத்து பப்பின் அமைதி வேண்டும் என்றால் நடக்க வேண்டும்: ஆக்ஸ்போர்டிலிருந்து தேம்ஸ் கரையோரமாகவே வந்தால் ஒரு மணி நேரம். எதிர்க்கரையில் போர்ட் மெடோ என்ற மேய்ச்சல் வெளி, அதில் குதிரைகளும் மாடுகளும். பாதி வழியில் பின்சியில் பெர்ச் என்று இன்னொரு பப், கூரை வேய்ந்தது. அந்தக் கூரை 1977இல் ஒரு முறை, 2007இல் ஒரு முறை எரிந்து, இரண்டு முறையும் மறுபடி வேய்ந்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த நடை வேண்டாம்; உல்வர்கோட்டுக்குப் பேருந்து இருக்கிறது.

அடுத்து போஷம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

எழுதுவது போஷம், ஊர்க்காரர்கள் சொல்லும்போது நம் காதில் கிட்டத்தட்ட 'பாஸம்' என்று விழும். சிச்செஸ்டர் கழியின் ஒரு கிளையில், மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த சின்னக் கிராமம். ஆங்கர் ப்ளூ 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உத்திரம் தாழ்வு, உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். தெருப்பக்கம் பார்த்தால் சாதாரண வீடு மாதிரி இருக்கும். பின்பக்க முற்றத்துக்குப் போனால் கீழே நேராகக் கடல்.

இந்த ஊரில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடிப்பது நேற்று வந்த பழக்கம் கிடையாது. நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பேயூ சித்திரத் துணியில் போஷம் வருகிறது, பெயரோடு. ஹெரால்டு பிரபு குதிரையில் வருகிறார், இங்குள்ள தேவாலயத்தில் வணங்குகிறார், பிறகு மாடியில் ஆட்களோடு உட்கார்ந்து கொம்புக் குவளையில் குடிக்கிறார். அடுத்த காட்சியில் எல்லோரும் உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாய்களைக் கையில் ஏந்தியபடி வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கிக் கப்பலேறுகிறார்கள். அந்தத் தேவாலயம் இப்போதும் பப்புக்கு இரண்டு நிமிட தூரத்தில் நிற்கிறது. அலையைப் பார்த்து 'திரும்பிப் போ' என்று சொன்ன கனூட் மன்னன் கதைக்கும் இந்த ஊர் உரிமை கொண்டாடுகிறது. வேறு ஊர்களும் கொண்டாடுகின்றன. ஆனால் மதியம் ஒரு மணிக்குத் தெருவுக்குள் கடல் ஏறி வருவதைப் பார்த்தால், உரிமை இந்த ஊருக்குத்தான் பொருத்தம் என்று படும்.

தெருவுக்குள் ஏறும் என்பது அலங்காரப் பேச்சு கிடையாது. ஷோர் ரோடு என்று கரையோரம் ஒரு சாலை. ஏற்றத்தின்போது அது கடலடியாகிவிடும். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, நானும் படித்தேன். முதல் முறை நாங்கள் போனது பதினொன்றரை மணிக்கு. சாலை காய்ந்து கிடந்தது, ஐந்தாறு கார்கள் நின்றன, 'சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்' என்று நானும் நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பக்கத்து மேசைக்காரர் ஜன்னல் வழியே பார்த்து, "அந்த வெள்ளிக் கலர் கார் யாருடையது?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மற்ற ஐந்து கார்களும் போய்விட்டிருந்தன. என் காரின் சக்கரத்தில் பாதி தண்ணீர். ஹெரால்டின் ஆட்களைப் போலவே பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, எப்படியோ வெளியே எடுத்துவிட்டேன். எஞ்சின் பிழைத்தது, பிரேக் கரகரப்பு மாதக்கணக்கில் போகவில்லை. ஊருக்குள் மேட்டில் ஒழுங்கான கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே காசு கொடுத்து நிறுத்துங்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பின் இருக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "நேத்துதானே பௌர்ணமி. கடல் பொங்காதா பின்ன? கிளம்பறதுக்கு முன்னாடி காலண்டரைப் பார்த்திருக்கலாமே."

ஊரிலிருந்து வருகிற யாராவது கொண்டுவந்து, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர். அதை நான் அதுவரை விடுமுறை பார்க்க மட்டுமே பயன்படுத்தியிருந்தேன். அன்றிரவு ஏற்றவற்று அட்டவணையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. அதற்கு மேலும் ஒன்று தெரிந்தது. ஒரு கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் வருகிறது. போஷம் பக்கத்தில் அது நடுப்பகலை ஒட்டி. கோடைக் கடிகாரத்தில் பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை. சரியான சாப்பாட்டு நேரம். தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போய், ஒரு வாரத்தில், அதாவது அஷ்டமி நவமியில், ஏற்றம் மாலை ஆறேழு மணிக்குப் போய்விடும். நடுப்பகலில் வற்றம். நீங்கள் ரோஸ்ட் (ஞாயிற்றுக்கிழமை வாட்டிய இறைச்சிச் சாப்பாடு) சாப்பிடும்போது எதிரே சேறு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி ஆகாது என்பதை போஷம் விஷயத்தில் நான் நூற்றுக்கு நூறு ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. பெரிய ஏற்றம் அமாவாசையன்றே உச்சத்துக்கு வருவதில்லை, ஓரிரண்டு நாள் பிந்தித்தான் வரும். ஆகவே அமாவாசைத் தர்ப்பணம், ஒருவேளைச் சாப்பாடு எல்லாம் முடிந்து மறுநாளோ அதற்கடுத்த நாளோ நிம்மதியாகப் போகலாம். காலண்டர் நாளைக் காட்டும். மணியைக் கட்டாயம் அந்த இடத்து அட்டவணையில் பாருங்கள். என் பிரேக் சாட்சி.

ரயிலில் வருபவர்கள் ஹேவன்ட்டிலோ சிச்செஸ்டரிலோ வண்டி மாறிப் போஷம் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழைய கிராமத்துக்கு ஒரு மைல் நடை. காரில் போனால் ஓட்டுபவர் குடிக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இங்கிலாந்தில் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை சட்டம் விடுகிறது என்றாலும், 568 மில்லி பிடிக்கும் ஒரு பைன்ட் பீர் யாருக்கு எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க நான் தயாரில்லை. லெமனேட் போதும். இங்கே லெமனேட் கேட்டால் வருவது நம் எலுமிச்சைச் சாறு இல்லை, சோடா கலந்த இனிப்புத் தண்ணீர். அம்மா இன்னும் அதை மன்னிக்கவில்லை.

பின் மில் வேறு ரகம். இப்ஸ்விச்சுக்குத் தெற்கே ஆர்வெல் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. எரிக் பிளேர் என்ற எழுத்தாளர் தனக்குப் புனைபெயர் தேடியபோது எடுத்துக்கொண்டது இந்த ஆற்றின் பெயரைத்தான்: ஜார்ஜ் ஆர்வெல். பட் அண்ட் ஆய்ஸ்டர் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உள்ளே பழைய மரப் பெஞ்சுகள். முழு ஏற்றத்தில் தண்ணீர் சுவரையே வந்து தொடும். படகிலிருந்து இறங்காமல் ஜன்னல் வழியே பீர் வாங்கிக் குடித்த கதைகளை இங்கே சொல்வார்கள்.

நான்கில் வற்றத்திலும் பார்க்க அழகாக இருப்பது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. காரணம், தேம்ஸ் பார்ஜ்கள். செம்பழுப்புப் பாய் கட்டிய தட்டையடிச் சரக்குப் படகுகள். தண்ணீர் வடிந்தால் சாயாமல் சேற்றின்மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். நூறு டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஒரு ஆளும் ஒரு பையனுமாக ஓட்டிப் போயிருக்கிறார்கள். என் மாமனார் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் அந்த அடிப்பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நம்ம தோணிக்கு அடி வேற மாதிரி இருக்கும் மாப்பிள்ளை" என்று தொடங்கியவர் இப்ஸ்விச் ரயில் நிலையம் வரை நிறுத்தவில்லை. மாமியாருக்கு அந்த நாள் முழுவதும் அலுப்பு. அவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கடை இல்லை, கோயில் இல்லை, மயில்கூட இல்லை. கூட வருபவருக்குப் படகு பிடிக்கும் என்றால் பின் மில்லை விஞ்ச ஆளில்லை. பிடிக்காது என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

பண்டோராவை ஒருநாள் பயணமாக நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: முடியாது. லண்டனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கடைசி மைல்களில் எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டிய சந்துகள். கார்ன்வாலில் ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கானது அது. அப்படித் தங்கினால் விடாதீர்கள். ரெஸ்ட்ராங்கெட் கழியின் கரையில் கூரை வேய்ந்த வெள்ளை வீடு. சில பகுதிகள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். முன்னால் தண்ணீருக்குள் நீளும் மிதவைப் பாலம், அதன்மேலும் மேசைகள். குழந்தைகள் நூலில் பன்றிக்கறித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு நண்டு பிடித்து, எண்ணிவிட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் ஆட்சேபம் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

பெயருக்குப் பின்னால் இருப்பது சோகக் கதை. பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களைப் பிடிக்க 1790இல் அனுப்பிய போர்க்கப்பல் பண்டோரா. பசிபிக் தீவான தஹிதியில் 14 பேரைப் பிடித்து, மேல்தளத்தில் பெட்டி போன்ற கூண்டில் அடைத்துக்கொண்டு திரும்பும் வழியில், 1791 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதி மூழ்கியது. மாலுமிகள் 31 பேரும் கைதிகள் 4 பேரும் இறந்தார்கள். அதன் கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ் ஊர் திரும்பி இந்த விடுதியை வாங்கினார் என்பது பரம்பரைச் செய்தி. அதை நான் பப் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். கட்டடமும் விபத்தைப் பார்த்திருக்கிறது. 2011 மார்ச்சில் கூரை பற்றி மேல்மாடி போய்விட்டது. பழைய முறையிலேயே திரும்பக் கட்டி அடுத்த ஆண்டு திறந்தார்கள்.

இங்கே காலண்டரைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். பண்டோரா இருக்கும் ஃபால்மத் பக்கத்தில் பௌர்ணமிப் பெரிய ஏற்றம் சாயங்காலம் ஆறேழு மணிக்கு வரும். நடுப்பகல் ஏற்றம் அஷ்டமியை ஒட்டித்தான். அதாவது போஷத்துக்கு ஆகாத நாள் பண்டோராவின் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும். பௌர்ணமிக்குப் போனால் இரவுச் சாப்பாடு. நிலவும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை, எச்சரிக்கைகளும் ஒன்றுதான். சுத்த சைவம் என்றால் தட்டில் வரும் யார்க்ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தில் முட்டை உண்டு. கிரேவி எதில் செய்தது என்று கேளுங்கள். உருளைக்கிழங்குச் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் நாட்டில் இன்னும் இருக்கின்றன, அதையும் கேளுங்கள்; கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. "நான் பீர் மட்டும், மத்தபடி சுத்த சைவம்" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லோர் குடும்பத்திலும் இருப்பார். மரபு முறைப் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கும் வழக்கம் இங்கே உண்டு. சொல்வதா வேண்டாமா என்பது அந்த மாமாவோடு உங்களுக்கு இருக்கும் உறவைப் பொறுத்தது.

ஆக, வந்து இரண்டு வாரம் ஆன, குளிருக்கே பழகாத, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ட்ரௌட். முடிந்தால் ஞாயிறு வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் இரண்டாம் முறை வந்திருக்கிறார்கள், கொஞ்சம் நடப்பார்கள், கதை கேட்பார்கள் என்றால் போஷம். என்னை மட்டும் கேட்டால் எப்போதும் போஷம்தான்.

இந்த வருடம் அம்மாவும் அப்பாவும் ஜூலை கடைசியில் வருகிறார்கள். அம்மா ஊரிலிருந்தே காலண்டரைப் பார்த்து நாள் சொல்லிவிட்டார். ஆடி அமாவாசைக்கு இரண்டாம் நாள் ஆங்கர் ப்ளூவில் மேசை போட்டாயிற்று, பன்னிரண்டு மணிக்கு, நான்கு பேருக்கு. ரயிலில் போகிறோம்.